வாசகர் கேள்வி பதில்: பெயர் அழிந்த பெட்டி

கேள்வி (திருச்சி வாசகர்): சார், வணக்கம். பழைய சாமான் விற்கும் ஒரு இணையதளத்தில் 'பழைய டைப்ரைட்டர் கம்ப்யூட்டர், ஓடுமா தெரியாது' என்று போட்டிருந்ததைப் பார்த்து 3,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரே பெட்டி, அதன் மேலேயே கீபோர்டு. மேல் வரிசையில் பத்து பட்டன்கள் மட்டும் சிவப்பு. பெயர்ப் பட்டை தேய்ந்துபோய் 'யூனி' என்று மட்டும் தெரிகிறது. பக்கவாட்டில் யாரோ பெயின்ட்டில் 'க்ளாஸ்–3' என்று எழுதியிருக்கிறார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கியதாக இருக்குமோ? அடியில் வரிசையாக ரிப்பன் கேபிள் செருகும் வாய்கள் இருக்கின்றன, அதில் ஒன்றுக்கு 'ட்யூப்' என்று பெயர். பிக்சர் ட்யூபை அங்கேதான் மாட்ட வேண்டுமா? இது என்ன மெஷின், எப்படி ஓட வைப்பது? ஞாயிற்றுக்கிழமை ப்ளக்கைச் செருகிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: இதழ் அச்சாகிக் கைக்கு வருவதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று பயந்து, 'செருகாதீர்கள்' என்று அன்றைக்கே இவருக்குத் தனியாக ஒரு மெயில் போட்டேன். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்களிடம் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

துப்பு மூன்றையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். பத்து சிவப்பு பட்டன், 'ட்யூப்' என்ற வாய், இந்த இரண்டும் சேர்ந்தாலே அது பிபிசி மைக்ரோ குடும்பம்தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட மெஷின், பிபிசியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காகச் செய்தது. உள்ளே 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 என்ற பிராசஸர் சிப், பி மாடல் என்றால் 32 கிலோபைட் ரேம். அவ்வளவுதான் மொத்த நினைவகமும். இன்றைக்கு உங்கள் போனில் ஒரு போட்டோ கூட அதில் அடங்காது.

அப்படியானால் 'யூனி' என்ன? யூனிகார்ன். சண்டிகருக்குப் பக்கத்தில் மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு நிறுவனம், சுருக்கமாக எஸ்சிஎல், ஏக்கார்னிடம் உரிமம் வாங்கி இந்தியாவில் தயாரித்த பிபிசி மைக்ரோவுக்கு வைத்த பெயர் அது. (1989 பிப்ரவரியில் தீப்பிடித்த அதே எஸ்சிஎல்தான்.) இதே மெஷினை ஒட்டி டால்பின் என்ற பெயரிலும் இங்கே ஒன்று வந்தது. அதில் சிவப்புக்குப் பதில் நீல பட்டன்கள். அதனால் பட்டன் நிறத்தை நீங்கள் எழுதியது எனக்குப் பெரிய உதவி.

க்ளாஸ்–3 விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் வகுப்பெல்லாம் இல்லை. 1984ல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஒரு திட்டம் கொண்டுவந்தன, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'க்ளாஸ்' என்று வரும். முதல் கட்டத்தில் சுமார் 250 மேல்நிலைப் பள்ளிகள், கொடுத்த மெஷின் பிபிசி மைக்ரோ. உங்கள் பெட்டியில் இருப்பது ஏதோ ஒரு பள்ளியின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய எண்ணாக இருக்கும், அந்தத் திட்டத்தின் மூன்றாவது மெஷின் என்ற அர்த்தத்தில். பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று தின்னர் போட்டு அதைத் துடைத்துவிடாதீர்கள். பெயர்ப் பட்டை போனாலும் பரவாயில்லை, இந்த மெஷினின் ஜாதகம் அந்தப் பெயின்ட்டில்தான் இருக்கிறது.

பிக்சர் ட்யூப் கேள்விக்குச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம், பெயர் அப்படித்தான் குழப்பும். ட்யூப் என்பது இன்னொரு பிராசஸரை வெளியிலிருந்து இணைப்பதற்கான வாய். ஏக்கார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஏஆர்எம் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று உயிர் பெற்றதே ஒரு பிபிசி மைக்ரோவின் இந்த வாயில் தொங்கிக்கொண்டுதான். இன்றைக்குப் போன்களில் ஓடுவது அதன் பேரன் பேத்திகள். டிவி மாட்டுவது பின்பக்கம்.

இனி ஏன் செருகக் கூடாது என்று சொல்கிறேன். இந்த மெஷின்களின் பவர் சப்ளைக்குள், கரண்ட் நுழைகிற இடத்திலேயே, ரேடியோ டிவிக்கு இரைச்சல் போகாமல் தடுக்க இரண்டு கண்டென்சர்கள் வைத்திருப்பார்கள். மஞ்சள் கலந்த கண்ணாடி மாதிரி, உள்ளே சுற்றிய காகிதம் தெரியும். மேல் பூச்சு நாற்பது வருடத்தில் முடி முடியாக வெடித்து, அந்த விரிசல் வழியே ஈரம் காகிதத்துக்குள் இறங்கிவிடும். ப்ளக்கைச் செருகினால் சில சமயம் உடனே, சில சமயம் இருபது நிமிடம் நன்றாக ஓடி நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, ஊதி வெடித்து ஒரு புகை விடும் பாருங்கள். எனக்கு ஒரு தடவை ஆகியிருக்கிறது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த நாற்றம் போக மூன்று நாள் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம்.

பெட்டியைத் திறப்பது சுலபம். 'ஃபிக்ஸ்' என்று எழுதிய நான்கு ஸ்க்ரூ இருக்கும், பின்னால் இரண்டு, அடியில் இரண்டு. இடது பக்கம் இருக்கும் உலோக டப்பா பவர் சப்ளை. அதிலிருந்து போர்டுக்கு ஏழு வயர் போகும்: மூன்று சிவப்பு 5 வோல்ட், மூன்று கறுப்பு எர்த், ஒரு ஊதா மைனஸ் 5. கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் அதோடு கதை முடிந்தது. டப்பாவைத் திறப்பது மட்டும் பழக்கம் இல்லாதவர்கள் செய்யக் கூடாத வேலை, உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். பழைய டிவி மெக்கானிக் யாரையாவது பிடியுங்கள், எஸ்எம்பிஎஸ் எனப்படும் இந்த வகை பவர் சப்ளை என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெடிக்கும் அந்த இரண்டு கண்டென்சருக்கும் பதிலாக 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 ஒன்று, இரண்டும் 'எக்ஸ்2' வகையில் கேளுங்கள். காகிதம் வேண்டாம், பிளாஸ்டிக் ஃபிலிம் வகை. மாற்றியதும் போர்டில் மாட்டாமல் ஒரு 12 வோல்ட் கார் பல்பை சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் சுமையாகக் கொடுத்து மல்டிமீட்டரில் பாருங்கள். 5 வோல்ட் ஆடாமல் நிற்க வேண்டும்.

டிவிக்கு: பின்னால் 'வீடியோ அவுட்' என்று வட்டமான பிஎன்சி வாய் இருக்கும், சிசிடிவி கேமரா சாமான் விற்கும் கடையில் பிஎன்சியை மஞ்சள் ஆர்சிஏ ஆக்கும் அடாப்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு எழுதாதீர்கள், அந்த வாயின் இயல்பே அது. கலர் வேண்டுமென்றால் ஆர்ஜிபி வாய்க்குத் தனியாகக் கேபிள் செய்ய வேண்டும்.

கேள்வி (அதே வாசகர், இரண்டு வாரம் கழித்து): சார், நீங்கள் சொன்ன இரண்டு கண்டென்சரும் பாளம் பாளமாக வெடித்திருந்தன, மாற்றியாயிற்று. 5.03 வோல்ட் நிற்கிறது. மாட்டி ஸ்விட்ச் போட்டால் 'பூ...' என்று ஒரு சத்தம் விடாமல் வருகிறது, டிவியில் ஒன்றும் இல்லை. செத்துவிட்டதா?

பதில்: சத்தம் வருகிறதே, நல்ல சகுனம். நல்ல பிபிசி மைக்ரோ ஸ்விட்ச் போட்டதும் 'பூ–பீப்' என்று இரண்டு சுரம் பாடும். அந்தப் 'பூ' யாரும் வாசிப்பது இல்லை, சவுண்ட் சிப்புக்குக் கரண்ட் வந்ததும் அது பாட்டுக்குக் கத்துகிறது. பிராசஸர் எழுந்து, ரோம் என்ற அழியாத நினைவக சிப்பில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் படித்து, சவுண்ட் சிப்பை அதட்டி வாயை மூடச் சொல்லி, தான் ஒரு 'பீப்' கொடுத்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். உங்கள் வீட்டில் அதட்ட ஆள் வரவில்லை. அதாவது பிராசஸர், ரோம், அல்லது நடுவில் செய்தி கொண்டுபோகும் ஆள், மூன்றில் ஒன்று மக்கர்.

பணம் செலவில்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். கீபோர்டின் வலது மூலைக்குக் கீழே ஐந்து ஐசி சாக்கெட்டுகள் வரிசையாக இருக்கும், ரோம்கள் உட்காரும் இடம், இடது ஓரத்தில் இருப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். ஐசியை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் நெம்பி எடுத்து, கறுத்த கால்களைத் துடைத்து, அதே திசையில் அழுத்தி உட்கார வையுங்கள். பள்ளி ஸ்டோர் ரூமில் இத்தனை மழைக்காலம் பார்த்த மெஷின், பாதி வியாதி காலில்தான் இருக்கும். 6502வையும் அப்படியே எடுத்து உட்கார வையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் போர்டில் '6522' என்று எழுதிய நாற்பது கால் ஐசி இரண்டு தேடுங்கள். இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். இரண்டும் ஒரே சிப், ஆனால் ஒன்றுக்குத்தான் வீட்டுப் பொறுப்பு எல்லாம்: கீபோர்டைக் கவனிப்பது, சவுண்ட் சிப்போடு பேசுவது. இன்னொன்றுக்கு பிரின்டரும், நாமே வெளிச் சாமான்களை இணைத்துக்கொள்ளும் வாயான யூசர் போர்ட்டும் மட்டும். அது இல்லாமலே மெஷின் ஓடும், விலை குறைந்த ஏ மாடலில் அதைப் போடவே இல்லை. ஆகவே இரண்டும் சாக்கெட்டில் இருந்தால், கரண்ட்டை அணைத்துவிட்டு இடம் மாற்றுங்கள். மாற்றியதும் 'பீப்' வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி (மறுபடியும் அவரே): வந்துவிட்டது சார்!! ரோமைத் துடைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை, 6522 இரண்டையும் மாற்றிப் போட்டதும் 'பூ–பீப்'. திரையில் 32கே, பேசிக், அப்புறம் ஒரு அம்புக்குறி. என் பெண் அவள் பெயரை நூறு தடவை அச்சடிக்கும் புரோகிராம் எழுதிவிட்டாள். இதில் கேம் எப்படி ஏற்றுவது? எஸ்டி கார்டு போடலாம் என்கிறார்களே?

பதில்: வாழ்த்துகள், உங்கள் மகளுக்கும். ஆனால் எஸ்டி கார்டு இப்போதைக்கு முடியாது. அந்த அடாப்டரில் விலை குறைந்த வகை யூசர் போர்ட்டில்தான் செருகும், அந்த யூசர் போர்ட்டின் பொறுப்பில் நீங்கள் இப்போது உட்கார வைத்திருப்பது கெட்டுப்போன 6522. புது சிப் வாங்குங்கள், அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிசைன் சென்டர் என்ற நிறுவனம் இன்றைக்கும் இதைத் தயாரிக்கிறது. 65சி22 என்று வரும், கடைசி எழுத்து 'என்' என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், 'எஸ்' வேண்டாம். 'எஸ்' வகை, மற்ற சிப்புகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய, பிராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் கம்பியைத் தனக்கே என்று பிடித்துக்கொள்ளும், இந்த போர்டில் அது சண்டையில் முடியும்.

அதுவரை கேசட் வாய் இருக்கிறதே. இந்த மெஷினுக்குப் புரோகிராம் என்பது வெறும் சத்தம், நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் கீச்சிடும் சத்தம். டேப் ரெக்கார்டர் கிடைக்காவிட்டாலும் போனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஏழு கால் டின் ப்ளக் வரை ஒரு வயர் இழுத்து, அந்தச் சத்தத்தைப் போனில் ஓடவிட்டால் ஏற்றிக்கொள்ளும். வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள், நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். நடுவில் ஒரு வாட்ஸ்அப் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): என்னிடம் புனேயில் தயாரான டிபி ஸ்பெக்ட்ரம் இருக்கிறது. அடாப்டர் இல்லை. வீட்டில் இருக்கும் 9 வோல்ட் அடாப்டர் போதுமா?

பதில்: வோல்ட் சரி, ஆனால் அவசரப்படாதீர்கள். புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனத்துடைய ஸ்பெக்ட்ரம் பிளஸ் கம்ப்யூட்டரை உரிமத்தோடு தயாரித்தது, சின்க்ளேர் மெஷின்களில் ப்ளக்கின் நடு ஊசி மைனஸ். இப்போது கடையில் கிடைக்கும் அடாப்டர் பெரும்பாலும் நடுவில் பிளஸ். மல்டிமீட்டரில் பார்க்காமல் செருகினீர்கள் என்றால் அடுத்த கடிதத்தில் ரேம் சிப் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள்.

கேள்வி (திருச்சி வாசகரின் மனைவி): உங்கள் பேச்சைக் கேட்டு இவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெட்டியை 'பூ–பீப்' என்று அலற விடுகிறார். சத்தத்தைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. போர்டில் 'விஆர்1' என்று ஒரு சின்ன திருகு இருக்கிறது, அதுதான் வால்யூம். இவ்வளவு கேள்வி கேட்டவர் இதை மட்டும் கேட்கவில்லை பாருங்கள்.