பிழை திருத்தியவர் இணையாசிரியர் ஆகிவிடுவாரா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். ஆழியாற்று நீரை நம்பிப் பயிர் செய்த ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவலை ஐந்து நோட்டுகளில் எழுதி வைத்திருந்தேன். கோயம்புத்தூரைச் சேர்ந்த எடிட்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து நோட்டுகளை வாங்கிச் சென்றார். டைப் செய்தல், பிழைதிருத்தம், எடிட்டிங் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் பேசி முடித்து, 18,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். இப்போது, பாதி நாவலைத் தாமே திருப்பி எழுதியதாகவும், அட்டையில் இணையாசிரியராகத் தம் பெயர் வர வேண்டும் என்றும், மீதித் தொகை போக இன்னும் 25,000 ரூபாய் வேண்டும் என்றும் சொல்கிறார். மறுத்தால் வழக்குப் போடுவாராம். நோட்டுகளைத் திருப்பித் தரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் நான் எழுதியிருந்த உரையாடல்களையும் பொதுத் தமிழாக மாற்றிவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் நாவல் உங்களுடையதுதான். ஆயினும், அந்த எடிட்டருக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாத ஓர் இடம் இதில் இருக்கிறது. அதை நூல் அச்சேறுவதற்கு முன்பே நீங்கள் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதன் ஆசிரியரே. உரிமை பிறப்பதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. நீங்கள் நோட்டில் எழுதிய அன்றே அது பிறந்துவிட்டது. இணையாசிரியர் படைப்பு எது என்பதை 2(z) பிரிவு வரையறுக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி உழைத்து, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி உருவாக்கியதே அத்தகைய படைப்பு. முடிந்துபோன நாவல் ஒன்றைக் கூலி பேசி வாங்கிச் சென்று திருத்திக் கொடுத்தவர், அந்தக் காரணத்தாலேயே இந்த வரையறைக்குள் வந்துவிட மாட்டார்.

திருத்தும் உழைப்புக்கு எந்த அளவு மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் ஆராய்ந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளைச் செம்மைப்படுத்தி வெளியிட்ட நிறுவனம் அந்தச் செம்மைப் பிரதிக்கு உரிமை கோரிய வழக்கு அது. அச்சுப்பிழை நீக்குவது, விடுபட்டதை நிரப்புவது போன்ற வேலைகள் உழைப்பாக இருந்தாலும் பதிப்புரிமைக்குப் போதுமானவை அல்ல என்றும், திறமையோடும் தேர்ந்த முடிவோடும் கூடிய படைப்பாற்றல் குறைந்த அளவிலேனும் அதில் இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், தீர்ப்புரையைப் படித்துப் புரிந்துகொண்டு பத்திகளாகப் பிரித்து எண்ணிட்டது போன்ற சில பங்களிப்புகளுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆகவே எடிட்டிங் என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. என்ன செய்தார் என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாக வேண்டும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் எடுத்துக் காட்டக்கூடிய இன்னொரு தீர்ப்பும் உண்டு. மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் தன்வரலாற்று நூல் தொடர்பாக எண்பதுகளின் இறுதியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு அது. ஆசாத் உருதுவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் அதை ஆங்கிலத்தில் எழுதி, இருவரும் கலந்து பேசி நூலை உருவாக்கியிருந்தார்கள். கபீரும் இணையாசிரியரே என்று நீதிமன்றம் முதல் நோக்கில் கருதியது. அங்கே நூல் தொடங்கும்போதே இருவரும் சேர்ந்து செய்வது என்ற முன்திட்டம் இருந்தது. உங்கள் நாவலோ அவர் கைக்குப் போகும் முன்பே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அதற்குச் சாட்சி அந்த ஐந்து நோட்டுகள்தான். நோட்டுகளை மீட்பதை நான் முதல் வேலையாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அவர் உங்களுக்கு அனுப்பியதாக நீங்கள் இணைத்திருந்த மூன்றாம் அத்தியாயத்தின் கோப்பைப் படித்தேன். மாற்றங்கள் சிவப்பில் தெரியும்படி அவர் விட்டுவைத்திருப்பது உங்களுக்கு நல்லதாயிற்று. சிவப்பில் இருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை, நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டியது, நீங்கள் ஊர்ப்பேச்சில் எழுதியதைப் பொதுத் தமிழாக்கியது ஆகியவையே. இவற்றால் அவர் ஆசிரியர் ஆகிவிட மாட்டார். ஆனால் அத்தியாயத்தின் முடிவில், மதகு திறக்கும் நாளில் பாட்டி வரப்பில் உட்கார்ந்து தன் திருமணத்தை நினைத்துக்கொள்ளும் ஒன்றரைப் பக்கம் முழுவதும் சிவப்பாக இருக்கிறது. அது உங்கள் நோட்டில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதியவர் அவர். அந்தச் சொற்களுக்கு உரிமை கோர அவருக்கு வாதம் உண்டு. பணம் கொடுத்ததால் அது தானாக உங்களுக்கு வந்துவிடாது. வேலைக்காரர் எழுதியது முதலாளிக்குச் சேரும் என்ற 17(c) விதி மாதச் சம்பள ஊழியருக்குப் பொருந்துவது. தனியாகத் தொழில் செய்யும் எடிட்டருக்குப் பொருந்தாது. உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் 19-ஆம் பிரிவின்படி அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். வாட்ஸ்அப் பேச்சில் அப்படி எதுவும் இல்லை.

எனவே நான் சொல்லும் வழி இது. அவர் புதிதாக எழுதிய பத்திகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, உங்கள் நோட்டின் வாசகத்தையே பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டி பகுதி நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காக உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரைச் சுமக்க வேண்டியதில்லை. அந்தக் காட்சி வேண்டுமென்றால் அவருடைய வரிகளைப் பார்க்காமல் நீங்களே உங்கள் சொல்லில் எழுதுங்கள். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது.

நோட்டுகளைப் பிடித்து வைத்திருப்பதற்கு அவர் சொல்லக்கூடிய ஒரே சட்டக் காரணம் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆம் பிரிவு. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி கிடைக்கும்வரை தட்டார் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஆனால் அந்த உரிமை பேசிய கூலிக்கு மட்டுமே உரியது. பிறகு ஒருவர் மட்டும் கூட்டிச் சொல்லும் தொகைக்கு அது நீளாது. ஒப்புக்கொண்ட விலையை மாற்ற இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். ஆகையால், மீதமுள்ள 12,000 ரூபாயை நோட்டுகளையும் டைப் செய்த கோப்பையும் பெற்றுக்கொண்டு உடனே தரத் தயார் என்று வழக்கறிஞர் மூலம் வழங்கியதற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் தருவதாக எழுத்தில் முன்வந்த பிறகும் அவர் மறுத்தால், பிடித்து வைக்க அவரிடம் காரணம் எதுவும் மிஞ்சாது. கையெழுத்துப் பிரதிக்குப் பணம் ஈடாகாது என்பதால், தனிநிலைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act), 1963-இன் 7, 8-ஆம் பிரிவுகளின்படி அந்தப் பொருளையே திருப்பித் தரச் சொல்லி உத்தரவு பெறலாம். நோட்டுகளை உங்கள் வீட்டில் வைத்து வாங்கிச் சென்றார் என்பதால், கோயம்புத்தூர் வரை அலையாமல் நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் முன்சிப் நீதிமன்றத்திலேயே இந்த வழக்கைத் தாக்கல் செய்ய முகாந்திரம் உண்டு.

வழக்குப் போடுவேன் என்ற மிரட்டலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆதாரமில்லாமல் அப்படி மிரட்டுவோருக்கு எதிராக, அவருடைய கோரிக்கை செல்லாது என்ற அறிவிப்பையும் மிரட்டலை நிறுத்தும் தடையையும் நீங்களே பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். பதிப்புரிமை மீறல் என்று வந்தால் 62(2) பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றமான பாலக்காட்டிலேயே வழக்குத் தொடரலாம். தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்புத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். நோட்டு முழுவதற்கும் அல்ல, தகராறுள்ள பக்கங்களுக்கு மட்டும் செய்தால் செலவு குறையும்.

உரையாடல்களை மாற்றியதைப் பற்றி நீங்கள் மிகவும் வருந்தி எழுதியிருக்கிறீர்கள். நியாயமான வருத்தம். எல்லையோரத்து மனிதர்களை அவர்கள் பேச்சோடு எழுதியதை அழித்தால் நாவலின் உயிரே போய்விடும். ஆசிரியரின் நற்பெயருக்கோ கௌரவத்துக்கோ ஊறு செய்யும் வகையில் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை 57-ஆம் பிரிவில் இருக்கிறது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் அது ஆசிரியரை விட்டுப் போகாது. ஆனால் வெளியாகாத ஒரு கோப்பில் செய்த திருத்தத்துக்காக அந்தப் பிரிவில் வழக்கு நடத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் ஒப்புதல் இல்லாத எந்தத் திருத்தமும் பிரதியில் நிற்காது என்று நோட்டீஸில் ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் பிரதியை அவர் தம் பெயரில் வெளியிட முனைந்தால் மட்டுமே நிலைமை வேறு. அது 63-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். அதுவரை காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம்.

சேவைக் குறைபாட்டுக்காகப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம், புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்ய அனுமதிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, அந்தச் சிவப்புக் கோப்பு ஆகியவற்றை அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து வைத்துக்கொண்டு போனைக் கொடுத்துவிட்டவர்கள் பின்னால் திண்டாடுகிறார்கள்.

பதிப்பகத்திடம் இதை மறைக்காதீர்கள். பெரும்பாலான பதிப்பக ஒப்பந்தங்களில், படைப்பு முழுவதும் தன்னுடையதே, வேறு யாராவது உரிமை கோரினால் ஏற்படும் நஷ்டத்தை ஆசிரியரே ஏற்பார் என்ற வாசகம் இருக்கும். தகராறு தீராமல் அதில் கையெழுத்திட்டால் சுமை உங்கள் தலையில் விழும். அவருடைய பத்திகளை நீக்கிய பிரதியைப் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் பதிவுக்கு அனுப்புங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி அந்தப் பதிவேடு முதல் நோக்குச் சாட்சியமாக, அதாவது மாறாக நிரூபிக்கப்படும்வரை செல்லும் சாட்சியமாக ஏற்கப்படும்.

வேறொருவரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுக்கும்போது, பிழைதிருத்தம் மட்டுமா, வாக்கியச் செம்மையும் உண்டா, புதிதாக எழுதிச் சேர்க்க அனுமதி உண்டா, சேர்த்தால் அதன் உரிமை முழுவதும் உங்களுக்கே என்பது உட்பட எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பிறகே பிரதியின் நகலைக் கொடுங்கள். மூலம் உங்கள் அலமாரியை விட்டு வெளியே போகக் கூடாது. நோட்டீஸ் செலவுக்கு யோசிக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சித்தூர் வட்ட சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பித்தால், வழக்குக்கு முன்பே அவரை அழைத்துச் சமரசம் பேசவும் அவர்களால் முடியும்.