டைரோசினேஸ் இல்லாமல் இறகு முளைக்குமா?

வணக்கம். வெள்ளை பிளைமவுத் ராக் கோழியினத்தின் முட்டைகளில் 12 நாள் கருவின் தோலில் இறகு முளைகள் நன்கு உருவாகியிருந்தும் கருமை தோன்றவில்லை என்றும், இறகு வளர்ச்சிக்கே டைரோசினேஸ் நொதி தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. இறகின் உடலைக் கெரட்டின் புரதத்தால் கட்டுவது மேற்தோல் செல்கள்; டைரோசினேஸோ, நரம்பு முகடு என்ற கருவின் செல் தொகுதியிலிருந்து இடம்பெயர்ந்து தோலில் குடியேறும் நிறமிச் செல்களில் இயங்கி, டைரோசின் அமினோ அமிலத்தை டோபாகுயினோனாக மாற்றி, மெலனின் உருவாக வழிசெய்கிறது. உங்கள் இனத்தைப் போல ஒடுங்கு வெண்மை (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் வெண்மை) கொண்ட கோழிகளில் டைரோசினேஸ் மரபணுவின் 4ஆம் இன்ட்ரானில் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதியில்) ரெட்ரோவைரஸின் மரபுத் தொடர் ஒன்று செருகப்பட்டிருப்பதால் இறகில் நிறம் ஏறுவதில்லை. ஆயினும் கண்கள் கருமையாகவே இருக்கும் என்பதால், தயவுசெய்து அவற்றை அல்பினோ (கண் உட்பட எங்கும் நிறமி இல்லாதவை) என்று பதிவு செய்ய வேண்டாம். வெள்ளை லெக்ஹார்ன் கோழியினத்தின் கருக்களை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். அவற்றின் ஓங்கு வெண்மைக்குக் (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் வெண்மைக்குக்) காரணம் வேறொரு மரபணு. கறுப்பு இறகுள்ள இனமே பொருத்தமானது.