மழைக்கு ஒரு குடை போதும்

வணக்கம்.

ஒரு வருடமாக வாழ்த்து அட்டைகள் செய்துவருகிறேன். இணையத்தில் தீம் கொடுத்து நடத்தும் கார்டு சேலஞ்சு போட்டிகளுக்கு இதுவரை பதினொரு அட்டைகள் அனுப்பியாயிற்று. ஒன்றுகூடத் தேர்வாகவில்லை. பரிசு கிடைக்காததில் வருத்தமில்லை, எங்கே சறுக்குகிறேன் என்பது தெரிந்தால் போதும். கடைசியாக வந்த தீம் ‘மழை’. சாம்பல், நீலம், மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களும் கட்டாயம். ஸ்கெட்சும் கொடுத்திருந்தார்கள்: வலது மேல்பக்கம் ஒரு வட்டம், கீழே குறுக்காக ஒரு பட்டை. நான் மேகம், மழைத்துளி, சிவப்புக் குடை, பூட்ஸ், தவளை எல்லாம் வைத்து, வட்டத்துக்குப் பதில் வானவில் வைத்தேன். மூன்று நாள் வேலை. 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம்) நீல ஏ4 அட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி மடித்தேன். மடிப்பு வெடித்து உள்ளே வெள்ளை தெரிகிறது. வாட்டர்கலர் அடித்த முன்தாள் ஒட்டியபிறகு நெளிந்துவிட்டது. பவுடரை உருக்கி எம்பாசிங் செய்த வெள்ளைத் துளிகளைச் சுற்றி உப்பு தூவியதுபோல் புள்ளிகள். படங்களை இணைத்திருக்கிறேன். தீம் எனக்குப் பிடிபடவில்லையா, கைவேலைதான் போதவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

கைவேலையில் நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த அட்டையிலேயே சரிசெய்துவிடலாம். தீம்தான் உங்களைச் சறுக்கவைக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் அட்டையில் மழை சம்பந்தப்பட்ட பொருள் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் மழை எங்கே பெய்கிறது, யார் மேல் பெய்கிறது, அட்டையை வாங்குகிறவருக்கு நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தேடினால் கிடைக்கவில்லை. உள்ளே ‘வாழ்த்துகள்’ என்று மட்டும் இருக்கிறது. தேர்வு செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் அட்டையை இல்லை, தீப்பெட்டி அளவுள்ள அதன் படத்தை. அந்த அளவில் ஆறு உருவங்கள் ஒன்றோடொன்று கலந்து வண்ணக் குழம்பாகத்தான் தெரியும். வேலை முடிந்ததும் அட்டையை மேசையில் நிறுத்திவிட்டு ஆறடி தள்ளி நின்று பாருங்கள். ஒரே உருவம் கண்ணுக்கு வரவேண்டும், அது தீமைச் சொல்லவேண்டும்.

வானவில் வைத்ததால் ஒரே அடியில் இரண்டு விதிகள் உடைந்தன. மூன்று நிறம் என்ற இடத்தில் ஏழு வந்துவிட்டது; முழு வட்டம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வளைவு. சிவப்புக் குடையும் பச்சைத் தவளையும் அதோடு சேர்ந்துகொண்டன. வெள்ளை, கறுப்பு, பொட்டலத் தாள் போன்ற கிராஃப்ட் பழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிற சேலஞ்சுகள் நிறைய உண்டு. அதையும் விதிமுறையில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்கெட்சைத் திருப்பவோ, இடவலம் மாற்றவோ பெரும்பாலும் அனுமதிப்பார்கள். உருவங்களின் இடமும் அளவும் அடையாளம் தெரியும்படி இருந்தால் போதும்.

இதே தீம், இதே மூன்று நிறம், இதே ஸ்கெட்ச். வட்டத்தை மேலிருந்து பார்த்த குடையாக வையுங்கள். சாம்பல் நிறத் தரை, அதன்மேல் ஒரே ஒரு மஞ்சள் குடை, சுற்றிலும் வெள்ளைத் துளிகள். கீழே உள்ள பட்டையில் ‘குடைக்குள் இன்னும் இடமிருக்கிறது’ என்ற வரி. கஷ்டத்தில் இருக்கும் நண்பருக்கு அனுப்ப இது பொருந்தும். வரியும் படமும் ஒன்றையே சொல்வதால் வேறு அலங்காரம் தேவைப்படாது. எந்தத் தீம் வந்தாலும் யாருக்கு, எதற்காக என்று முதலில் முடிவுசெய்து, வரியை எழுதிவிட்டு, அதன்பிறகு படத்தைத் தேடுங்கள். படத்தை முடித்துவிட்டு வரியைத் தேடினால் ‘வாழ்த்துகள்’தான் மிஞ்சும்.

இதைச் செய்கிற விதத்தை அளவோடு சொல்கிறேன். உங்கள் குறைகளுக்கான பதிலும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் அடி அட்டை. காகித இயந்திரத்தில் கூழ் ஓடுகிற திசையில்தான் பெரும்பாலான நார்கள் படியும். ஏ4 அட்டைகளில் அது பெரும்பாலும் 297 மி.மீ. பக்கமாக இருக்கும். நீங்கள் நீளவாக்கில் வெட்டி, 105 × 297 துண்டை நடுவில் மடித்தீர்கள். மடிப்பு நார்களுக்குக் குறுக்கே போனது, அதனால் வெடித்தது. அதே தாளைக் குறுக்கே 148.5-இல் வெட்டி, கிடைக்கும் 148.5 × 210 துண்டை 105-இல் மடியுங்கள். மடிப்பு நாரோடு ஓடும். முடிந்த அட்டையின் அளவு மாறாது, திறப்பு மட்டும் மேலிருந்து பக்கவாட்டுக்கு வரும். சந்தேகமிருந்தால் தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுதான் நாரின் திசை.

மடிக்குமுன் கோடு அழுத்தவேண்டும். முனை உருண்ட எம்பாசிங் குச்சி இல்லையென்றால் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். ஒரே இழுப்பில் பலமாக அழுத்தினால் மேல்பரப்பு கிழியும், லேசாக இரண்டு முறை ஓட்டுங்கள். அழுத்திய பள்ளம் அட்டையின் வெளிப்பக்கமாகவும், அதனால் எழுந்த மேடு உட்பக்கமாகவும் வரும்படி மடிக்கவேண்டும். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். வெடித்த இடத்தில் வெள்ளை தெரிகிறது என்றால் உங்கள் நீல அட்டைக்கு மேல்பரப்பில் மட்டும்தான் நிறம். ஊடுருவி நிறமேறிய அட்டையாகப் பார்த்து வாங்கினால், தப்பித்தவறி வெடித்தாலும் கண்ணில் படாது.

அடுத்து சாம்பல் முன்தாள். அடி அட்டை 105 × 148.5 என்பதால் இது 99 × 142. நான்கு பக்கமும் 3 மி.மீ. நீல ஓரம் தெரியும். மேலே ஒரு தாள், அதற்கும் மேலே ஒரு தாள் என்று அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரே ஓரத்தை வையுங்கள். ஒன்றில் 3, இன்னொன்றில் 5 என்று வந்தால் கண் அந்த வித்தியாசத்தில்தான் போய் நிற்கும்.

நெளிந்ததற்கு இரண்டு காரணம், இரண்டும் தண்ணீர்தான். ஈரம் பட்டால் நார் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். சாதாரண கார்ட்ஸ்டாக்கில் (கெட்டி அட்டைத்தாளில்) வாட்டர்கலர் அடித்தீர்கள், அங்கேயே பாதி நெளிவு வந்துவிட்டது. மீதியைப் பின்பக்கம் முழுக்கப் பூசிய வெள்ளைப் பசை செய்தது. வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளையே எடுங்கள். தேவையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, வண்ணமடித்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காயவிட்டபிறகு எடுத்து அளவுக்கு வெட்டுங்கள். ஒட்டுவதற்கு டபுள் சைடு டேப். ஓரங்களை ஒட்டி நான்கு பட்டை, நடுவில் ஒரு குறுக்குப் பட்டை. இடத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் டேப்பை உரிக்க முடியாது என்ற பயம் நியாயமானது. அதற்கு டேப்பின் மேல்தாளை மூலைகளில் மட்டும் ஒரு செ.மீ. உரித்து மடக்கிவைத்து, தாளை நேராக வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மீதியை இழுத்துவிடலாம்.

எம்பாசிங் துளிகளை முன்தாளை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடவேண்டும். நீங்கள் சொல்லும் உப்புப் புள்ளிகளுக்கு மூன்று காரணம் உண்டு: வண்ணத்தில் மிச்சமிருக்கும் ஈரம், விரல் எண்ணெய், காகிதத்தில் ஏறிய நிலைமின்சாரம். உங்கள் படத்தில் புள்ளிகள் நீல வண்ணம் அடர்ந்த இடத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன, எனவே முதல் குற்றவாளி ஈரம்தான். பின்னணி முழுக்கக் காய்ந்த பிறகு சூடான காற்று வீசும் ஹீட் கன்னை ஒருமுறை மேலோட்டமாக ஓட்டி, தாள் ஆறியதும் முகப்பவுடர் நிரப்பிய சிறு துணிப்பையால் மெல்லத் துடையுங்கள். பிறகுதான் ஒட்டும் தன்மையுள்ள நிறமற்ற மை. அதில் துளிகளைப் பதித்து, எம்பாசிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, தாளைச் சாய்த்துப் பின்பக்கம் ஒரு தட்டு தட்டுங்கள். மிஞ்சியிருக்கும் துகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தள்ளிவிடலாம். உருக்கிய பிறகு எடுக்கமுடியாது.

ஹீட் கன்னைத் தாளுக்கு வெளியே பிடித்துச் சூடேற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். ஆரம்பக் குளிர்காற்று பவுடரை ஊதித் தள்ளும். தலைமுடி உலர்த்தியால் எம்பாசிங் வராததும் இதனால்தான்: காற்று அதிகம், சூடு குறைவு. சொரசொரப்பாக இருக்கும் பவுடர் திடீரென்று பளபளக்கும். அந்த நொடியே அடுத்த துளிக்கு நகருங்கள். அதற்குமேல் காட்டினால் உருகியது தாளுக்குள் இறங்கி, மேடு தட்டையாகி, வெள்ளை மங்கிவிடும்.

இனி குடை. மஞ்சளைச் சாம்பல் முன்தாளின்மேல் நேரடியாக ஸ்டாம்ப் (முத்திரை) வைத்துப் பதிக்காதீர்கள். டை இங்க் ஒளி ஊடுருவும் மை, அடியிலுள்ள சாம்பலோடு கலந்து சேற்றுப் பச்சையாகத் தெரியும். 160 முதல் 200 ஜிஎஸ்எம் மஞ்சள் தாளில் தனியாக வெட்டவேண்டும். காம்பஸால் 30 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, 45 பாகைக்கு ஒன்றாக எட்டுப் புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 23 மி.மீ. வரும், அதை வைத்துச் சரிபார்க்கலாம். புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து வெட்டினால் எண்கோணம். எதிரெதிர் முனைகளை இணைக்கும் நான்கு கோடுகளையும் பின்பக்கத்திலிருந்து அழுத்துங்கள், முன்பக்கம் குடைக் கம்பிகள்போல் எழும்பும்.

ஒரு முனையிலிருந்து மையம்வரை மட்டும் வெட்டி, வெட்டிய ஓரங்களைச் சற்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினால் குடை குவியும். இங்கே கை தாராளம் கூடாது. விளிம்பில் 3 மி.மீ. ஏற்றினால் உச்சி 5 மி.மீ.க்கு மேல் உயர்ந்து உறைக்குள் நசுங்கும். 1 மி.மீ. ஏற்றினாலே 3 மி.மீ. உயரம் கிடைக்கும். அவ்வளவு சிறிய ஏற்றத்தில் பசை பிடிக்காது என்பதால் பின்பக்கம் ஒரு மெல்லிய காகிதப் பட்டையால் இணைத்துவிடுங்கள். உச்சிக்கு அடியில் 1 மி.மீ. தடிப்புள்ள ஃபோம் டேப்பை (பஞ்சுபோன்ற ஒட்டுநாடாவை) மூன்று அடுக்காகச் சிறு சதுரமாய் வைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு விரல் பட்டாலே குடை உள்ளே குழிந்துவிடும். எட்டு முனைகளுக்கும் ஊசிமுனையளவு பசை. அதே அளவில் அடர் சாம்பலில் இன்னொரு எண்கோணம் வெட்டி, குடைக்கு அடியில் 2 மி.மீ. வலமும் கீழுமாகத் தள்ளி ஒட்டினால் நிழல் விழும்.

குடையின் மையம் முன்தாளின் மேலோரத்திலிருந்து 45 மி.மீ., வலது ஓரத்திலிருந்து 38 மி.மீ. பட்டை 99 × 25 வெள்ளைத் தாள், கீழோரத்திலிருந்து 20 மி.மீ. மேலே. இப்படி வைத்தால் சாம்பல் பாதிக்கு மேல் இருக்கும், மஞ்சள் ஆறில் ஒரு பங்கு, நீல ஓரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நீலம் மெலிந்து தெரியும் என்பதால் பட்டையில் உள்ள வரியையும் நீல மையிலேயே எழுதுங்கள்.

அந்தப் பட்டையை எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்துவைப்பது என் கட்டாயமான பரிந்துரை. எழுத்து கோணினாலும் மை கசிந்தாலும் போவது ஒரு துண்டுக் காகிதம் மட்டும்தான். ஒட்டிமுடித்த அட்டையின்மேல் எழுதப்போய் மூன்று நாள் உழைப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். தமிழில் எழுதும்போது சொற்கள் நீளும், எனவே முதலில் வேறு தாளில் அதே அளவில் எழுதி, நீளத்தை அளந்துவிட்டுப் பட்டையில் மையமாக்குங்கள். 0.5 மி.மீ. பிக்மெண்ட் (நிறமித் துகள் மை) பேனாவில் எழுத்தின் உயரம் 5 மி.மீ.க்குக் குறைந்தால் ண, இ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஸ்டாம்ப் என்றால் பலமாக அழுத்தக்கூடாது, அதிலும் இதே சுழிகள்தான் முதலில் மையால் நிரம்பும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புதிய கிளியர் ஸ்டாம்பில் மை முத்து முத்தாக நிற்கிறதா? அழிரப்பரால் முகத்தை ஒருமுறை தேய்த்தால் சரியாகிவிடும்.

அடி அட்டை நீலம் என்பதால் உள்ளே எழுத 95 × 138 வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டவேண்டும். உறை சி6 அளவு, அதாவது 114 × 162. குடையின் தடிப்புக்கு அதில் இடம் இருக்கிறது. தபாலில் போகுமென்றால் உறைக்குள் முன்பக்கமாக ஒரு கெட்டி அட்டையை வைத்துவிடுங்கள்.

படம் எடுப்பது பற்றி ஒரே ஒரு விஷயம். நீங்கள் அனுப்பிய படங்களில் வெள்ளை எல்லாம் பழுப்பாக இருக்கிறது. மஞ்சள் விளக்கின் கீழ் இரவில் எடுத்திருக்கிறீர்கள். பகலில், நேர்வெயில் படாத சன்னல் பக்கத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா தானாகவே மங்கலாக்கும். போனில் படத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே ஏற்றிவிட்டால் வெள்ளை வெள்ளையாக வரும். சாம்பலும் மஞ்சளும் கட்டாயம் என்று சொன்ன சேலஞ்சில் நிறம் தவறி விழுந்தால் விதியை மீறியதாகவே தோன்றும்.

உங்கள் பழைய அட்டையில் அந்தத் தவளை மட்டும் மிக நன்றாக வந்திருக்கிறது. கண்ணில் விட்டிருக்கும் சிறு வெள்ளைப் புள்ளி அதற்கு உயிர் கொடுக்கிறது. நெளிந்த முன்தாளை உரிக்கப் பார்க்காதீர்கள், முழுக்கப் பசை பூசியது கிழிந்துதான் வரும். தவளையைச் சுற்றி 2 மி.மீ. ஓரம் விட்டு, அடி அட்டையோடு சேர்த்தே வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தத் தடிப்பே ஃபோம் டேப்பின் வேலையைச் செய்யும். ஒன்றுமில்லாத வெள்ளை முன்தாளின் கீழ்மூலையில் அதைத் தனியாக உட்காரவைத்து, மீதி இடத்தைக் காலியாகவே விடுங்கள். சேலஞ்சுகள் பெரும்பாலும் புதிதாகச் செய்த அட்டையைத்தான் கேட்கும், ஆகவே இதை யாருக்காவது அனுப்பிவிடலாம்.