ஆயாவின் முறத்தில் எந்த வெளிச்சம் விழ வேண்டும்?

கேள்வி: வேலூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காக என் ஆயாவைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறேன். ஆயா கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறார். ஏதாவது ஒரு சினிமா இயக்கத்தையோ ஓவிய இயக்கத்தையோ துணையாக வைத்துக்கொண்டு காட்சிகளை அமைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் ரொம்பப் பிடிக்கும். அந்தப் படங்களிலிருந்து நிறைய ஸ்டில்ஸ் சேர்த்து மூட்போர்டு செய்தேன். அதைப் பார்த்த என் வழிகாட்டி மேடம், "இதுல ஜெர்மனி இருக்கு, உங்க ஆயா எங்கே?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. மற்றவர்களிடமிருந்து எடுத்தால் அது காப்பியா? நான் எந்த இயக்கத்தைப் பின்பற்றுவது? லைட் வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை, என்னிடம் இருப்பது போன் கேமராதான்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் மேடம் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அதற்காகச் சோர்ந்து போகாதீர்கள். மூட்போர்டைக் கிழித்துப் போடவும் வேண்டாம், கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள்.

மற்றவர்களிடமிருந்து எடுப்பதில் தப்பே இல்லை. எடுக்காத கலைஞர் என்று ஒருவரும் கிடையாது. எதை எடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1950-இல் லண்டன் போயிருந்த சத்யஜித் ராய் அங்கே 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தைப் பார்த்தார். போர் முடிந்து சில வருடங்களே ஆன இத்தாலியில், ரோம் நகரத் தெருக்களிலேயே எடுத்த படம் அது. அதில் நாயகனாக வந்தவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. ராய் ஊர் திரும்பியதும் ரோம் மாதிரி ஒரு தெருவைத் தேடி அலையவில்லை. ஸ்டுடியோ இல்லாமல், பெரிய நடிகர் இல்லாமல், இருக்கிற இடத்தில் இருக்கிற மனிதர்களை வைத்துப் படம் எடுக்கலாம் என்ற தைரியத்தை அங்கிருந்து கொண்டுவந்தார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய், பணம் கிடைத்தபோது எடுத்து, தீர்ந்தபோது நிறுத்தி, 1955-இல் 'பதேர் பாஞ்சாலி'யை முடித்தார். அதன் கேமராமேன் சுப்ரதோ மித்ராவுக்கும் அதுதான் முதல் படம்.

ஒரு இயக்கம் பிறக்கும்போது அதைத் தொடங்கியவர்கள் முன்னால் ஒரு சிக்கல் இருந்திருக்கும். பணம் இல்லை, வெளிச்சம் இல்லை, மனதில் இருப்பதைச் சொல்லப் பழைய முறை போதவில்லை, இப்படி ஏதாவது. அவர்கள் கண்டுபிடித்த வழி, பிற்காலத்தில் ஒரு 'லுக்' ஆகிவிடுகிறது. நீங்கள் சேர்த்த ஸ்டில்ஸ் எல்லாம் அந்த லுக். அவர்களுக்கு என்ன சிக்கல் இருந்தது என்று தேடினால்தான் உங்களுக்கு உதவும்.

நீங்கள் விரும்பும் எக்ஸ்பிரஷனிசத்தையே எடுத்துக்கொள்வோம். 1920-இல் வந்த 'டாக்டர் கலிகாரி' படத்தில் வீடும் தெருவும் திரைச்சீலையில் வரைந்தவை. நிழல்களில் பலவற்றைக்கூட பெயின்டால் வரைந்துவிட்டார்கள். சுவர் சாய்ந்திருக்கும், ஜன்னல் கோணியிருக்கும். ஏன்? கதையைச் சொல்பவன் மனநல விடுதியில் இருப்பவன். அவன் கண்ணுக்கு உலகம் அப்படித் தெரிகிறது. சரி, உங்கள் ஆயாவுக்கு உலகம் அப்படியா தெரிகிறது? மடியில் முறம், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, வாசலில் போவோர் வருவோரிடம் பேச்சு. இந்தக் காட்சியில் கோணல் நிழலைக் கொண்டுபோய் வைத்தால் பார்ப்பவர்கள் ஆயாவைப் பார்த்துப் பயப்படுவார்கள். உங்கள் மேடத்துக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் உங்கள் படத்தில் அந்த நிழலுக்கு ஓர் இடம் இருக்கலாம். சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது பெரிய அடி. ஆயாவுக்கும் அப்படி நாட்கள் இருந்திருந்தால், அன்று ராத்திரி வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் ஒரே ஒரு குண்டு பல்பைத் தரையில் வைத்து, முறத்தின் நிழலைச் சுவர் முழுக்க ஏற்றுங்கள். மற்ற ஒன்பது நிமிடமும் வெளிச்சமாக இருந்தால்தான் அந்த இருட்டு உறைக்கும்.

அப்புறம் வெளிச்சம். லைட் இல்லையே என்று வருந்துகிறீர்கள். நம் வேலூர்ப் பக்கத்தில் வெயிலுக்கா பஞ்சம்! சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, ஆற்றிலும் முக்கால்வாசி நாள் வெறும் மணல். உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழி கறுத்துப்போகும், நெற்றி வெளுத்துப்போகும். இந்த முரட்டு வெயிலை மெத்தென்று ஆக்குவதுதான் உங்கள் வேலை. அதைச் செய்து காட்டியவர் அதே சுப்ரதோ மித்ராதான். 1956-இல் வந்த ராயின் 'அபராஜிதோ'வில் காசியில் ஒரு வீடு வரும். நடுவில் முற்றம் வைத்த வீடு. அந்த மாதிரி வீட்டில் வானத்து வெளிச்சம் மேலிருந்து பரவலாக இறங்கும், அழுத்தமான நிழல் இருக்காது. அந்த வீட்டை ஸ்டுடியோவில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். விளக்குகளை நேராக அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அவர் செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியில் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் படம் எடுத்தார். முற்றத்து வெளிச்சம் அப்படியே வந்தது. உலகமே வியக்கும் அந்த உத்திக்கு மூலப்பொருள் ஒரு வெள்ளைத் துணி!

உங்கள் வீட்டில் அதை இப்படிச் செய்து பாருங்கள். காலை வெயில் விழும் வாசலில் ஒரு தெர்மாகோல் அட்டையையோ வெள்ளை வேட்டியையோ சாய்த்து நிறுத்துங்கள். ஆயா கதவுக்கு உள்ளே, வெயில் நேராகப் படாத இடத்தில் உட்காரட்டும். அட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழும்படி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். உள்ளே டியூப்லைட் எரிந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் தோலின் நிறம் கெடும். பக்கத்துச் சுவர் பச்சை பெயின்ட் என்றால் கன்னத்தில் பச்சை ஏறும், அதையும் கவனியுங்கள். போன் திரையில் ஆயாவின் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை, பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தெருவில் ஒரு வண்டி போனாலும் படம் மங்கி மங்கி வெளுக்கும்.

அதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வேறொரு வேலை செய்யுங்கள். மாறும் வெளிச்சத்தைப் பிடித்து வரைந்த இம்ப்ரஷனிச ஓவியர் மோனே 1892 முதல் 1894 வரை ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை மட்டுமே முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாக வரைந்தார். காலையில் ஒரு கான்வாஸ், வெளிச்சம் மாறியதும் அடுத்தது, மறுநாள் அதே நேரம் வந்ததும் மறுபடி முதல் கான்வாஸ். நீங்களும் ஆயா உட்காரும் இடத்தை, போனை அசைக்காமல், மணிக்கு ஒரு படம் என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை எடுத்து வரிசையாகப் பாருங்கள். எந்தக் காட்சியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்காது. இம்ப்ரஷனிசத்திலிருந்து உங்களுக்கு இது போதும்.

பிரான்சில் இளம் இயக்குநர்கள் தொடங்கிய நியூ வேவ் சினிமா இயக்கம் பற்றி ஒன்றே ஒன்று. கேமராவை நகர்த்தும் டிராலி வண்டிக்குப் பணம் இல்லாமல் கேமராமேனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே எடுத்தார்கள். இத்தனை ஆஸ்பத்திரியும் மருந்துக்கடையும் இருக்கிற வேலூரில் ஒரு சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்காமலா போகும்?

இனி நம் பக்கத்துக்கே வருவோம். உங்கள் மூட்போர்டில் தெருக்கூத்து இருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். அது எனக்கு வருத்தம். பழைய வட ஆற்காட்டில் இருந்த செய்யாறு பக்கத்துப் புரிசை இன்றைக்கும் கூத்துக்குப் பேர்போன ஊர். கூத்தில் ராஜா சும்மா நடந்து வந்துவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்; அதற்குப் பின்னாலிருந்து பாட்டு கேட்கும், சலங்கை கேட்கும், கிரீடத்தின் உச்சி தெரியும். சபை ஏங்கிய பிறகுதான் துணி விலகும். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடித் துண்டு பதித்திருப்பதால், பந்தமோ பெட்ரோமாக்ஸோ, எந்தக் குறைந்த வெளிச்சமும் சிதறி ஜொலிக்கும். இதுவும் ஒரு சினிமா இலக்கணம்தான். உங்கள் ஆயாவின் முகத்தை முதல் ஷாட்டிலேயே காட்டிவிடாதீர்கள். கத்தரிக்கோல் பீடி இலையை வெட்டும் சத்தம் வரட்டும், விரல் வரட்டும், நூல் வரட்டும், முறத்துக்கு மேலே தலைமுடி மட்டும் தெரியட்டும். இரண்டு நிமிடம் கழித்து அவர் நிமிர்ந்து பார்க்கட்டும். என் வரையில், உங்கள் படத்துக்கு எக்ஸ்பிரஷனிசத்தை விட இதுதான் பெரிய துணை.

ஓவிய இயக்கம் ஒன்றும் வேண்டும் என்றால் மெட்ராஸ் இயக்கத்தைப் பாருங்கள். உங்களுக்கு வந்த குழப்பம்தான் அவர்களுக்கும் வந்தது: பாரிஸைப் பார்த்து வரையாமல் நவீனமாக வரைவது எப்படி? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் கோடு என்பதைப் பிடித்துக்கொண்டார்கள், நம் சிற்பத்திலும் கோலத்திலும் இருக்கிற கோடு. 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். திருவண்ணாமலையில் பிறந்த சந்தானராஜும் இந்த மரபில் வந்தவர்தான். பணிக்கர் 1963-லிருந்து வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டமும் எண்ணும் எழுத்தும் கான்வாஸ் முழுக்க நிறைந்திருக்கும். படித்தால் பொருள் வராது, பார்த்தால் கண் நகராது. ஆயா தினமும் எத்தனை பீடி சுற்றினார் என்று குறித்த நோட்டோ பாஸ்புக்கோ வீட்டில் இருக்கிறதா? எடுத்து வைத்துப் பாருங்கள். படத்தின் டைட்டில் கார்டு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சென்னை போய், அங்கிருந்து ஈஞ்சம்பாக்கம் சென்று சோழமண்டலத்துக் காட்சிக்கூடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். போனில் பார்க்கும்போது கோட்டின் அழுத்தம் தெரியாது.

அறிக்கை எழுதும்போது எதையும் மறைக்காதீர்கள். எந்தக் காட்சியில் யாரிடமிருந்து எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், அதை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி எப்படி மாற்றினீர்கள் என்று எழுதிவிடுங்கள். பேர் சொல்லி எடுத்தால் அது காப்பி ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயாவிடம் "இன்னொரு தடவை பண்ணு, கொஞ்சம் நிறுத்து" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய அன்றைய எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். அதனால் அவர் வேகத்துக்கு நீங்கள் ஓடுங்கள். எடுத்ததை அன்றன்றைக்கே அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்கிற ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் படத்தில் இருக்கக் கூடாது.

மேடத்திடம் அடுத்த முறை மூட்போர்டு கொண்டுபோக வேண்டாம். வேட்டி வெளிச்சத்தில் ஆயாவின் விரல்கள், முறத்துக்குப் பின்னாலிருந்து நிமிரும் முகம், ராத்திரிச் சுவர் நிழல் என்று மூன்று ஷாட் எடுத்துப் போனிலேயே காட்டுங்கள். படப்பிடிப்பை மட்டும் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை பிறந்துவிட்டால், சத்தம் பதியாமலிருக்க ஃபேனை அணைத்துவிட்டு அந்த வீட்டுக்குள் ஆயாவை உட்காரச் சொல்ல உங்களுக்கே மனசு வராது.