டோனட் கடை வரிசை என் வீட்டு வாசலை மறிக்கிறது, வழக்குப் போடலாமா?

கேள்வி: பக்கத்துக் கட்டடத்தில் டோனட் கடை வந்த பிறகு, சனி, ஞாயிறு காலையில் வரிசை எங்கள் கேட்டைத் தாண்டி நீள்கிறது. கார்களையும் வாசலை மறித்து நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கடைக்காரரிடம் சொன்னால், "ரோடு எங்களுடையதா?" என்கிறார். கடையை மூட வைக்க முடியுமா?

பதில்: மூட வைப்பது மிகவும் கஷ்டம், அதைக் கேட்கவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது வாசல். அதை மறிக்கக் கூடாது என்று கேட்கத்தான் சட்டத்தில் வலுவான இடம் இருக்கிறது.

இங்கிலாந்துச் சட்ட மரபில் வந்த நாடுகளில், தெருவை ஒட்டி வீடு வைத்திருப்பவருக்குத் தன் வாசல் வழியாகப் போய்வர உரிமை உண்டு. வரிசையில் நிற்பவர்கள் யாரோ, அவர்களுக்கு நான் பொறுப்பா என்று கேட்டுக் கடைக்காரர் எளிதில் நழுவிவிட முடியாது. 1893-இல் லண்டனில் ஒரு நாடக அரங்கின் முன் கூடிய கூட்டம் பக்கத்து விடுதிக்குப் போகும் வழியை அடைத்தபோது, அது அரங்கம் நடத்தியவர் உண்டாக்கிய தொல்லைதான் என்று பார்பர் எதிர் பென்லி வழக்கில் தீர்ப்பானது. 1914-இல் லயன்ஸ் எதிர் கலிவர் வழக்கிலும் பக்கத்துக் கடையை மறித்த அரங்க வரிசைக்கு எதிராகத்தான் தீர்ப்பு வந்தது.

ஆனால் உங்கள் கடைக்காரரின் வக்கீல் 1946-இன் டுவையர் எதிர் மான்ஸ்ஃபீல்டு வழக்கை எடுத்துக்கொண்டு வருவார். உருளைக்கிழங்குத் தட்டுப்பாட்டில் காய்கறிக் கடை முன் நீண்ட வரிசை நின்றது, கடைக்காரர் வழக்கம்போல வியாபாரம் செய்தார், வரிசைக்குக் காரணம் தட்டுப்பாடுதான் என்று அவரை விட்டுவிட்டார்கள். மறு வருடமே ஜன்னல் வழியாக நடைபாதையில் நிற்பவர்களுக்கு ஐஸ்கிரீம் விற்றவருக்குத் தண்டனை கிடைத்தது, ஏனென்றால் விற்ற விதமே கூட்டத்தைத் தெருவில் நிறுத்தியது. ஆக உங்கள் வழக்கு இந்த இடத்தில்தான் நிற்கிறது: கடை எப்படி விற்கிறது? தெருப்பக்க ஜன்னலில் விற்கிறார்களா, உள்ளே இடமிருந்தும் ஆட்களை வெளியே நிறுத்துகிறார்களா, வரிசையை மறுபக்கம் திருப்ப வழியிருந்தும் திருப்பவில்லையா? இவற்றைக் கவனித்து எழுதி வையுங்கள்.

கார் விஷயம் வேறு. வாசலை மறித்து நிறுத்துவது ஓட்டுநரின் குற்றம், அதற்குப் போக்குவரத்து போலீஸ்தான். கடையின் உரிமத்திலோ கட்டட அனுமதியிலோ பார்க்கிங் நிபந்தனை இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் கேட்டுப் பாருங்கள், மீறல் இருந்தால் வழக்கை விட அது வேகமாக வேலை செய்யும்.

சாட்சியம் இல்லாமல் எதுவும் நடக்காது. தெரு முழுக்க நெரிசல் என்றால் அது பொதுத் தொல்லை, எல்லோரையும் விட உங்களுக்குத் தனியாக என்ன பாதிப்பு என்று கேட்பார்கள். அதனால் கேட் மறிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எத்தனை நிமிடம், எதற்காக வெளியே போக வேண்டியிருந்தது என்பதைக் குறித்து, வீடியோவும் எடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஆம்புலன்ஸ் நுழைய முடியாத ஆபத்தையும் கட்டாயம் எழுதுங்கள், எனக்கு இதில் பெரிய கவலையே அதுதான். கோபத்தில் ரோட்டில் கல்லோ சங்கிலியோ போட்டுவிடாதீர்கள், அப்புறம் வழியை மறித்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

பிறகு கடைக்கு எழுத்தில் கேளுங்கள்: கேட்டுக்கு முன் இடைவெளி, மறுபக்கமாக வரிசை, கூட்ட நேரத்தில் ஒழுங்குபடுத்த ஒரு ஆள், முடிந்தால் டோக்கன். இரண்டு வாரம் கெடு கொடுங்கள். அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லையென்றால் இதே கோரிக்கைகளோடு தடை உத்தரவு கேட்டு வழக்கு. மாதக்கணக்கில் பொறுத்துவிட்டு வந்தால் இடைக்காலத் தடை கிடைப்பது சிரமம், ஆகவே குறிப்பெழுதுவதை இந்த சனிக்கிழமையே ஆரம்பியுங்கள்.