அம்மா பெயரில் ஐந்து லட்சம்: அறக்கட்டளை மேல் கோபம் வந்த பிறகு கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61, கணவருக்கு 67. நங்கநல்லூரில் சொந்த ஃபிளாட். அவருடைய பென்ஷனும் டெபாசிட் வட்டியும் சேர்த்து வருடம் ஒன்பதரை லட்சம் வரும். கையிருப்பு 22 லட்சம், எல்லாம் வங்கி டெபாசிட். என் அம்மா மார்பகப் புற்றுநோயில் போய் 11 வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு மருத்துவ அறக்கட்டளைக்கு மாதம் 2,000 ரூபாய் கணவர் கணக்கிலிருந்து தானாகப் போகிறது. இந்த மார்ச்சில் முதிர்கிற 5 லட்சத்தை அம்மா பெயரில் மூலநிதியாகக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம். பளிங்குக் கல்லில் பெயர் பொறிப்பார்களாம். இதற்கிடையில் அவர்கள் வியாசர்பாடி பக்கம் பெண்களுக்குப் பரிசோதனை முகாம் நடத்தும் ஒரு சின்ன மையத்துக்குக் கொடுத்துவந்த உதவியைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். முதலில் கணக்கு ஒப்படைக்கவில்லை என்றார்கள். அடுத்த வாரம், அந்த மையத்திடம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) கருவி இல்லை, வேறு இடத்துக்குத்தானே அனுப்புகிறார்கள் என்றார்கள். சத்தம் கிளம்பியதும் இந்த ஒரு வருடம் தருகிறோம் என்கிறார்கள். எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் இதே சண்டைதான். நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை, "அமெரிக்காவில் கோமன் என்ற மார்பகப் புற்றுநோய் அமைப்பு செய்த அதே வேலை, ஒரு பைசா கொடுக்காதே" என்கிறாள். அறக்கட்டளைக்காரரோ மார்ச் 31-க்குள் கொடுத்தால் வரி மிச்சம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: மார்ச் 31-க்குள் செக் எழுத வேண்டாம். அதே சமயம், மாதம் போகிற 2,000-ஐ இன்றைக்கே வெட்டவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு பணம், வேறு வேறு முடிவு.

முதலில் வரிக் கதையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அவசரப்படுத்துவது அதுதான். நீங்கள் இன்னும் பழைய வரி முறையிலேயே இருக்கிறீர்கள் போலிருக்கிறது, நன்கொடைக்கான 80ஜி வரிக்கழிவு கிடைக்கிறதே என்பதற்காக. மற்றக் கழிவுகள் போக உங்கள் கணவரின் வருமானம் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதிரி அறக்கட்டளைக்கு எவ்வளவு கொடுத்தாலும் அந்த வருமானத்தில் 10 சதவீதம், அதாவது 80,000 ரூபாய்தான் கணக்கில் எடுக்கப்படும். அதிலும் பாதிக்குத்தான் கழிவு, 40,000. அவருடைய வரி விகிதத்தில் செஸ் சேர்த்து மிச்சமாவது 8,320 ரூபாய். ஐந்து லட்சம் கொடுத்து 8,320! அதற்குப் பிறகும் அவர் கட்ட வேண்டிய வரி 64,480 ரூபாய் இருக்கிறது.

இதையே புதிய வரி முறையில் போட்டால்? 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே வராது. பங்கு விற்ற லாபம் போலத் தனி விகித வருமானம் இருந்தால்தான் கணக்கு மாறும். உங்களிடம் அது எதுவும் இல்லை, பென்ஷனும் வட்டியும்தான். ஆக, 8,320 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக 64,480 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கடந்த வருடங்களை விடுங்கள். தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வொரு வருடமும் ரிட்டர்ன் போடும்போது முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஜூலையில் ஆடிட்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஆக, உங்களைப் பொறுத்தவரை மார்ச் 31 இன்னொரு செவ்வாய்க்கிழமை மாதிரிதான்.

சரி, இப்போது உங்கள் தங்கை சொன்ன விஷயம். பாதிதான் சொல்லியிருக்கிறார், மீதியும் தெரிந்தால் உங்களுக்கு உதவும்.

சூசன் கோமன் என்ற பெண் 1980-ல் 36 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். தங்கை நான்சி பிரிங்கர் 1982-ல் அக்கா பெயரில் ஆரம்பித்ததுதான் அந்த அமைப்பு. நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பின்னாலும் ஒரு சகோதரியின் மரணம் இருக்கிறது. தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் பாடுபட்டுத்தான் 1954-ல் அது திறந்தது. இப்படி ஒருவரின் துக்கத்தில் முளைத்த அமைப்புகளுக்குக் கொடுப்பவர்களும் பெரும்பாலும் துக்கத்தோடுதான் கொடுக்கிறார்கள், உங்களைப் போல. அதனால்தான் சண்டை வரும்போது இவ்வளவு வலிக்கிறது.

2012 ஜனவரி 31 அன்று ஒரு செய்தி வெளியானது. பிளான்டு பேரன்ட்ஹுட் என்ற அமைப்புக்கு மார்பகப் பரிசோதனைக்காகக் கொடுத்துவந்த மானியத்தைக் கோமன் நிறுத்துகிறது என்று. முந்தைய வருடம் கொடுத்தது ஏறக்குறைய 6.8 லட்சம் டாலர். கோமனின் அளவுக்கு அது சிறு துளி. ஆனால் பிளான்டு பேரன்ட்ஹுட் கருக்கலைப்பு சேவையும் தருவதால், அங்கே அது அரசியல் நெருப்பு. அரசு விசாரணையில் இருக்கும் அமைப்புகளுக்கு மானியம் கிடையாது என்று புதிய விதி போட்டிருக்கிறோம் என்பது முதல் காரணம். இரண்டே நாளில், அவர்கள் நேரடியாக மேமோகிராம் எடுப்பதில்லை, வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று காரணம் மாறியது. பிப்ரவரி 3 அன்று மன்னிப்புக் கேட்டு முடிவையே திருப்பிக்கொண்டார்கள். பிப்ரவரி 7-ல் கொள்கைப் பிரிவின் துணைத் தலைவர் கேரன் ஹேண்டல் ராஜினாமா செய்தார். மானியத்தை நிறுத்தியதில் கோபப்பட்டவர்கள் ஒரு பக்கம் போனார்கள், திருப்பிக்கொண்டதில் கோபப்பட்டவர்கள் மறுபக்கம் போனார்கள். 2013 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நன்கொடையும் நிறுவனங்களின் ஆதரவுத் தொகையும் 22 சதவீதம் சரிந்தன. 14 ஊர்களில் நடத்திவந்த மூன்று நாள் நடைப்பயணத்தை 2014-ல் ஏழு ஊர்களாகக் குறைத்தார்கள்.

இதில் எனக்குப் படுவது இதுதான். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்பதில் அறங்காவலர்களுக்கு உரிமை உண்டு. அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அது உங்கள் மனசாட்சி விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஒரே முடிவுக்கு ஒரு வாரத்தில் இரண்டு காரணம் வந்தால் அது பண விஷயம். கணக்கு ஒப்படைக்கவில்லை என்பது உண்மையென்றால் நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள், தேதி இருக்கும், கடிதம் இருக்கும். கருவி இல்லை என்பது காரணமென்றால் அது முதல் வருடமே தெரிந்திருக்கும். காரணம் மாறுகிறது என்றால், முடிவு எடுத்த கூட்டத்தில் பேசியது வேறு என்று நான் சந்தேகப்படுவேன். கடன் கேட்டு வருகிற சொந்தக்காரர் முதலில் ஆஸ்பத்திரிச் செலவு என்றும் பிறகு பையன் ஃபீஸ் என்றும் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள், அதேதான்.

ஆனால் தங்கை விட்டுவிட்ட பாதி இது. கோமனின் ஊர்க் கிளைகள் சில அந்த முடிவை வெளிப்படையாகவே எதிர்த்தன. அப்போது கிளைகள் திரட்டிய நிகரத் தொகையில் முக்கால் பங்கு வரை அந்தந்த ஊரிலேயே செலவானது. தலைமை மேல் கோபப்பட்டு நிறுத்திய பணம் பல இடங்களில் உள்ளூர்ப் பரிசோதனையைத்தான் தொட்டது. மாத 2,000-ஐ உடனே வெட்ட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். அந்தப் பணத்தை நம்பி நடக்கிற முகாம் எது என்று உங்களுக்குத் தெரியாது.

எது என்று கேளுங்கள். 11 வருடத்தில் 2,64,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள், கேட்க உரிமை இருக்கிறது. கேட்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு காகிதத்தைப் பாருங்கள். வருடா வருடம் 10பிஇ என்று ஒரு சான்றிதழ் வருமே, அதில் நன்கொடை வகை என்று ஒரு கட்டம் இருக்கும். மூலநிதி, குறிப்பிட்ட காரியத்துக்கான மானியம், மற்றவை என்பது போல ஒன்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் உங்களுடையதில் 'மற்றவை' என்றுதான் இருக்கும். எதற்கு என்று சொல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அறக்கட்டளையின் நோக்கத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் அதைச் செலவழிக்கலாம், அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

எனக்கும் இந்தப் பாடம் காசு கொடுத்துக் கிடைத்ததுதான். அப்பா நினைவாக ஓர் இடத்தில் டயாலிசிஸுக்கு என்று வாயால் சொல்லி 50,000 கொடுத்தேன். அடுத்த வருடம் போனபோது வரவேற்பறையில் புது சோபா. பணத்தை யாரும் தின்றுவிடவில்லை, பொதுச் செலவில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்திருந்தால் சேர்ந்திருக்காது.

ஆகவே ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். மின்னஞ்சல் போதும் என்பார்கள், நான் தபாலைத்தான் நம்புகிறேன், ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கும். கடைசி இரண்டு வருடத் தணிக்கை அறிக்கை, எந்தெந்த மையத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல், அந்த வியாசர்பாடி மையத்தை நிறுத்திய தீர்மானத்தின் நகல். இவ்வளவு கேட்டால் போதும். வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை ஒரு வருட வருமானத்தில் பொதுவாக 85 சதவீதத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிட்டாக வேண்டும், கணக்கையும் தணிக்கை செய்தாக வேண்டும். எனவே அறிக்கை தயாராகவே இருக்கும், அனுப்ப மனம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று மாதம் பாருங்கள். உருப்படியான பதில் வந்தால் 2,000 தொடரட்டும், இனி "பரிசோதனை முகாமுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் வங்கிக்குப் போய் அந்தத் தானியங்கிப் பற்று உத்தரவை ரத்து செய்யுங்கள். அறக்கட்டளையின் சம்மதம் தேவையில்லை. அதே 2,000-ஐ அந்தச் சின்ன மையத்துக்கே நேரடியாகக் கொடுக்கலாம், அவர்கள் கணக்கையும் இதேபோல் கேட்டுப் பார்த்துவிட்டு. சின்ன மையம் என்பதாலேயே கணக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி ஐந்து லட்சம். எனக்கு இதில் சண்டையை விடப் பெரிய கவலை வேறு. 22 லட்சத்தில் 5 லட்சம் என்பது ஏறக்குறைய கால் பங்கு. நன்கொடை என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். நாளைக்கு உங்கள் வீட்டிலேயே ஒரு பெரிய வைத்தியம் வந்தால் அங்கே போய்த் திருப்பிக் கேட்க முடியாது. அறக்கட்டளைச் சொத்தில் மோசடி நடந்தால் அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது மோசடிக்கு. உங்களுக்குப் பிடிக்காத முடிவுக்கு அல்ல.

மூலநிதி என்ற சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கள். மூலநிதி என்று எழுதிக் கொடுத்தால் அசலைத் தொடாமல் முதலீட்டில் வைத்து வருமானத்தைத்தான் செலவிடுவார்கள். அந்த வேலையை நீங்களே செய்யலாமே? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கணவர் பெயரில் 5 லட்சம் போடுங்கள், தபால் ஆபீஸிலோ வங்கியிலோ. இப்போதைய வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருடத்துக்கு அதே விகிதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10,250 ரூபாய் கணக்கில் விழும், வருடம் 41,000. அம்மாவின் திதி வரும் மாதத்தில் அதை எடுத்து, அந்த வருடம் யார் ஒழுங்காகக் காரியம் செய்கிறார்களோ அவர்களுக்குக் கொடுங்கள். இந்த அறக்கட்டளையாகவே இருக்கலாம், அடையாறாக இருக்கலாம், வியாசர்பாடியாக இருக்கலாம். அசல் உங்களிடம் இருக்கும். அவசரம் வந்தால் கொஞ்சம் கழித்துக்கொண்டு முன்கூட்டியே எடுக்கவும் வழி உண்டு.

பளிங்குக் கல் கிடைக்காது, உண்மைதான். கோவில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதுகிற ஊர் நம்முடையது, அந்த ஆசை தப்பில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், கல்லை விட அந்த முகாம் நடக்கிறதா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. அம்மாவுக்கு இருந்த நோய் என்றால் நீங்களும் தங்கையும் டாக்டரிடம் அதைச் சொல்லி, மேமோகிராம் எப்போது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டீர்களா? தங்கைக்கு இன்றிரவு போன் செய்யும்போது கோமனை விட்டுவிட்டு அதைப் பேசுங்கள்.