வாசகர் கேள்வி: காட்டுச் சரளைப் பாதையில் சைக்கிள்

கேள்வி: இங்கிலாந்தின் கீல்டர் காட்டில், கார் வராத பாதையில் சைக்கிள் ஓட்டப் போகிறேன். 40 மி.மீ. டயர், உள்ளே டியூப். சரளையில் அடிக்கடி பஞ்சர். டியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள். ஏன்?

பதில்: இரட்டை ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் காற்றுக் குறைவுதான். கல்லில் இடிக்கும்போது டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் கடிபடுகிறது. உங்கள் எடை 70 கிலோ என்றால் முன்சக்கரத்தில் 38, பின்சக்கரத்தில் 42 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துப் பாருங்கள். ரொம்ப ஏற்றினால் பிடிமானம் போய்விடும். ரிம்மும் டயரும் ஏற்றவையாக இருந்தால் டியூப்லெஸுக்கு (டியூப் இல்லாத டயருக்கு) மாறுவதே மேல்: சக்கரத்துக்கு 60 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), காற்று முன்னே 30, பின்னே 33 பி.எஸ்.ஐ. போதும். சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், கிளம்புமுன் பாருங்கள். மாற்று டியூப் ஒன்று அப்போதும் பையில் இருக்கட்டும்.

கீல்டர் நீர்த்தேக்கத்தைச் சுற்றும் லேக்சைடு வே என்ற பாதை சுமார் 42 கி.மீ. நடப்பவர்களும் குதிரைகளும் வருவார்கள், மணி அவசியம். கரையோரம்தானே, சமதளமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். குட்டையான செங்குத்து ஏற்றங்கள் அடுத்தடுத்து வரும். கியரில் முன்பல்சக்கரத்துக்கு 40 பல் என்றால் பின்பல்சக்கரத்துக்கு 42 பல் வரை வேண்டும். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சறுக்கும். மேலேயுள்ள காட்டுச் சாலைகளில் மர லாரிகள் ஓடும். தடைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள்.